டோக்கியோவுக்குத் தெரு ஒழுங்கு கற்பித்த கவாஜி

சுவரோரம் ஒருவன் சிறுநீர் கழித்துக்கொண்டு நிற்கிறான். கறுப்புச் சீருடையும் கையில் தடியுமாக ஒரு போலீஸ்காரர் அவனை நோக்கி வருகிறார். பக்கத்துக் கட்டத்தில், மேல்சட்டையில்லாமல் வண்டி இழுக்கும் ஒரு கூலிக்காரன். அதற்கடுத்த கட்டத்தில், மூடியில்லாத வாளிகளில் மலம் சுமந்து செல்லும் தோட்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கும் வழிப்போக்கர்கள். ஒவ்வொரு படத்துக்கும் மேலே, செய்யக்கூடாதது எது என்று நாலைந்து வரிகள்.

இவை ஜப்பான் நாட்டில் 1870-களில் அச்சாகி விற்பனையான வண்ணப் படங்கள். மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. புதிய அரசாங்கம் போட்ட தெரு ஒழுங்கு விதிகளைப் பொதுமக்களுக்கு எளிதாகப் புரிய வைக்கப் பிறந்தவை. அந்த விதிகளைத் தலைநகரில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு, போலீஸ் படையின் தலைவராக இருந்த ஒருவரின் தோள்மேல் விழுந்தது. அவர் பெயர் கவாஜி தோஷியோஷி. ஜப்பானியப் போலீசின் தந்தை என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

ஏழைச் சாமுராய்

கவாஜி 1834-ஆம் ஆண்டு ஜப்பானின் தென்கோடியில் உள்ள சத்சுமா நாட்டில் பிறந்தார். இன்றைய ககோஷிமாவுக்கு அருகே ஒரு கிராமம். தந்தை சாமுராய் வகுப்பைச் சேர்ந்தவர்தான். ஆனால் அந்த வகுப்புக்குள்ளும் மேல்படி, கீழ்படி உண்டு. கோட்டை நகரத்தில் குடியிருந்த சாமுராய்கள் உயர்ந்தவர்கள். கிராமத்தில் இருந்து பிழைத்தவர்கள் அவர்கள் கண்ணுக்கு அரைக் குடியானவர்கள். கவாஜியின் குடும்பம் இந்தக் கீழ்ப்படியைச் சேர்ந்தது. வாள் இடுப்பில் இருந்தாலும் வருமானம் மிகக் குறைவு.

அந்நாளில் ஜப்பானை ஆண்டவர் ஷோகன் எனப்படும் படைத்தலைவர். சக்கரவர்த்தி பெயரளவில் கியோட்டோ நகரில் இருந்தார். 1853-இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து கதவைத் தட்டின. 1858-இல் மேல்நாடுகளுடன் கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஜப்பானுக்குப் பெரும் அவமானமாக அமைந்தன. ஜப்பானில் குற்றம் செய்யும் வெள்ளைக்காரரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அவருடைய நாட்டுத் தூதரே விசாரிப்பார். நாகரிகமில்லாத நாட்டின் சட்டத்தை நம்ப முடியாது என்பது மேல்நாட்டார் சொன்ன காரணம். பின்னால் வந்த தெரு விதிகளுக்கும் இந்த அவமானத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1864-இல் கியோட்டோ அரண்மனை வாசலில் நடந்த சண்டையில் கவாஜி தீரமாகப் போரிட்டார். சத்சுமாவின் பெருந்தலைவர்களான சாய்கோ தகமோரி, ஒகுபோ தோஷிமிச்சி இருவரின் பார்வையும் அவர்மேல் விழுந்தது. 1868-இல் ஷோகன் ஆட்சி கவிழ்ந்து, சக்கரவர்த்தி மெய்ஜியின் பெயரால் புதிய அரசாங்கம் ஏற்பட்டது. அதை ஒட்டிய உள்நாட்டுப் போரிலும் கவாஜி படைப்பிரிவு ஒன்றை நடத்திச் சென்று காயமடைந்தார். கிராமத்துச் சாமுராய்க்கு மேலேறும் வழி திறந்துவிட்டது.

மூவாயிரம் காவலர்

எடோ என்ற பழைய தலைநகர் டோக்கியோ என்று பெயர் மாறியது. பழைய காவல் முறை கலைந்துபோய், வேலையிழந்த சாமுராய்கள் தெருவில் திரிந்த காலம். 1871-இல் நகரைக் காக்க 3,000 காவலர் கொண்ட ஒரு படை அமைக்கப்பட்டது. அவர்களில் சுமார் 2,000 பேர் சத்சுமாக்காரர்கள். ஆள் சேர்ப்பதில் சாய்கோவும் கவாஜியும் முன்நின்றார்கள். சேர்ந்தவர்களில் பலர் கவாஜியைப் போலவே கிராமத்துச் சாமுராய்கள். சொந்த ஊரில் மதிப்புக் கிடைக்காதவர்கள், பிழைப்புத் தேடித் தலைநகர் வந்து சீருடை அணிந்தார்கள். கையில் வாள் கிடையாது. மூன்றடித் தடி ஒன்றுதான்.

நகரத்து மக்களுக்கு அவர்கள் பேச்சு விளங்கவில்லை. சத்சுமாவின் வட்டார வழக்கு அப்படி. எங்கிருந்தோ வந்த வேற்றூர்க்காரன் தங்கள் தெருவில் நின்று தங்களையே அதட்டுவதா என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

விதிகள் வந்தன

1872 டிசம்பரில் டோக்கியோவில் சில்லறைக் குற்றங்களுக்கான சட்டம் பிறந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட விதிகள். குற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். தெரிந்தே மீறுவது கனத்த வகை. கவனக்குறைவால் செய்வது இலேசான வகை.

தெருவில் கழிப்பிடமல்லாத இடத்தில் சிறுநீர் கழிக்கக்கூடாது. வீட்டு வாசலில் குழந்தையை அப்படி உட்கார வைக்கக்கூடாது. ஆணும் பெண்ணும் ஒரே குளியல் தொட்டியில் குளிக்கும் பொதுக் குளியலறை நடத்தக்கூடாது. உடம்பில் பச்சை குத்தக்கூடாது. ஆபாசப் படம் விற்கக்கூடாது. கெட்டுப்போன உணவை விற்கக்கூடாது. விளக்கில்லாமல் இரவில் ரிக்‌ஷா இழுக்கக்கூடாது. நாய்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கக்கூடாது. தெரு விளக்கை விளையாட்டாக அணைக்கக்கூடாது. காரணமில்லாமல் பெண்கள் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது. ஆண்களைக் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொள்ள ஊக்கப்படுத்திய அதே அரசாங்கம், பெண்கள் அப்படிச் செய்தால் குற்றம் என்றது.

கனத்த குற்றத்துக்கு அபராதம் 75 சென் முதல் 1 யென் 50 சென் வரை. 100 சென் சேர்ந்தது ஒரு யென். இலேசான குற்றத்துக்கு 6 சென் சொச்சம் முதல் 12½ சென் வரை. பணம் கட்ட வழியில்லாதவருக்கு வேறு தண்டனை. இலேசான குற்றமானால் ஒரு நாளோ இரண்டு நாளோ காவல். கனத்த குற்றமானால் 10 முதல் 20 வரை பிரம்படி. ஒரே குற்றத்தைப் பணக்காரன் செய்தால் பையிலிருந்து போகும். ஏழை செய்தால் முதுகிலிருந்து போகும்.

வெற்றுடம்போடு தெருவில் நடமாடுவதும் குற்றமாயிற்று. இதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, ரிக்‌ஷா இழுப்பவர்களும் மூட்டை சுமப்பவர்களும் வெற்றுடம்போடு திரிவதை நிறுத்த வேண்டும் என்று டோக்கியோவில் உத்தரவு போடப்பட்டிருந்தது. வெளிநாட்டார் இதை இழிவாக நினைக்கிறார்கள் என்பதே அதில் சொன்ன காரணம். ஜப்பானியக் கூலிக்காரனுக்குக் கோவணம்தான் வேலை உடுப்பு. கோடை வெயிலில் பாரம் இழுப்பவன் வேறு எதை உடுத்துவான்? தலைமுறை தலைமுறையாக யாரும் குறை சொல்லாத உடம்பு, ஒரே உத்தரவில் நாட்டுக்கு அவமானமாகிவிட்டது.

படம் வரைந்து பாடம்

சட்டத்தை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் மட்டும் போதுமா? எழுத்து நடை கடினமாக இருந்தது. சாதாரண மக்கள் பலருக்குப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. இங்கேதான் படம் அச்சிடும் கடைக்காரர்கள் புகுந்தார்கள்.

மரக்கட்டை அச்சு எடோ நகரத்தின் பழைய தொழில். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்றதைச் செதுக்கி எடுப்பார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப் பலகை. அச்சிடுபவர் பலகைக்கு மை பூசித் தாளை வைத்து முதுகுப்புறம் தேய்ப்பார். ஒரு வண்ணம் முடிந்ததும் அடுத்த பலகை. இந்த மூவருக்கும் முதல் போட்டு விற்பவர் வெளியீட்டாளர். ஒரே பலகையில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கலாம் என்பதால் சாமானியனும் வாங்கும் விலையில் கிடைத்தது.

முன்பெல்லாம் இந்தப் படங்களில் நாடக நடிகர்களும், கணிகையரும், மலைகளும் ஆறுகளும் இருக்கும். மெய்ஜி காலத்தில் ரயில், செங்கல் கட்டடம், கோட்டு அணிந்த மனிதர் என்று புதுமைகள் இடம்பிடித்தன. அந்த வரிசையில் தெரு ஒழுங்கு விதிகளும் படமாயின. ஒரு தாளைப் பல கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு விதியாக வரைந்தார்கள். புத்தகமாகவும் வந்தன. கடினமான எழுத்துக்களுக்குப் பக்கத்தில், எளிய எழுத்தில் உச்சரிப்பும் போட்டார்கள். 1873-இல் இத்தகைய விதிகள் மற்ற மாவட்டங்களுக்கும் விரிவானபோது, அங்கங்கே உள்ள விதிகளுக்கு ஏற்பப் படநூல்கள் பெருகின.

படங்களில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. பிடிபட்டவன் திருதிருவென்று விழிப்பான். குளியலறைக் கதவு திறந்து கிடப்பதை எட்டிப் பார்க்கும் ஒருவன் இளிப்பான். வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே சட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிடிபடுபவர்களில் வண்டிக்காரன், ரிக்‌ஷாக்காரன், தோட்டி, மீன் விற்பவன், தெருவோரத்துத் தாய் ஆகியோரே அதிகம். தெருவிலேயே உழைத்து, தெருவிலேயே பொழுதைக் கழிப்பவனுக்குத்தான் தெரு விதிகள் அதிகம் பொருந்தும். வீட்டுக்குள் எல்லா வசதியும் உள்ளவன் அவற்றை மீற வேண்டிய அவசியமே இல்லை.

பிரான்சில் ஒரு ரயில் பயணம்

டோக்கியோவில் இந்தச் சட்டம் வந்தபோது கவாஜி அங்கே இல்லை. ஐரோப்பிய நாடுகளின் போலீஸ் முறையைக் கற்றுவர 1872-இல் அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி ஜப்பானில் இன்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது.

மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கிப் பாரிஸ் நோக்கி ரயிலில் போய்க்கொண்டிருந்தார் கவாஜி. திடீரென வயிற்றைக் கலக்கியது. அந்நாளைய ரயில் பெட்டியில் கழிப்பறை கிடையாது. வண்டியும் நிற்பதாக இல்லை. அடக்க முடியாமல், கூட வைத்திருந்த ஜப்பானியச் செய்தித்தாளைப் பெட்டியின் தரையில் விரித்துக் காரியத்தை முடித்தார். பொட்டலமாகக் கட்டி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். அது பாதையோரம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ரயில்வேத் தொழிலாளியின் மேல் போய் விழுந்தது. அவர் அதைப் போலீசாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சுற்றியிருந்த தாளின் எழுத்தைக் கொண்டு, எறிந்தவர் ஜப்பானியர் என்று தெரிந்துவிட்டது. செய்தி பிரெஞ்சுப் பத்திரிகையிலும் வந்தது என்பார்கள்.

ஒரு நாட்டின் போலீசை அமைக்கப் பாடம் படிக்கப் போன மனிதருக்கு நேர்ந்த சங்கடம் இது. நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அதே காலத்தில் ஜப்பானில் நடந்ததைக் கேட்டால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும்.

ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872 அக்டோபரில் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அந்த வண்டிகளிலும் கழிப்பறை இல்லை. 1873-இல் ஒரு பயணி அவசரம் தாங்காமல் ஜன்னல் வழியாகச் சிறுநீர் கழித்துவிட்டார். ரயில்வே விதிகளின்படி அவருக்கு விதித்த அபராதம் 10 யென். டோக்கியோத் தெருவில் கனத்த குற்றத்துக்கு வாங்கிய உச்ச அபராதத்தைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். கவாஜிக்கும் அந்தப் பயணிக்கும் வந்த இடர்ப்பாடு ஒன்றுதான். ஒருவர் அபராதம் கட்டினார். மற்றவர் நாடு திரும்பிப் போலீஸ் தலைவரானார்.

தலைமைப் பதவி

1873 செப்டம்பரில் கவாஜி திரும்பி வந்தார். பாரிஸ் நகரப் போலீசின் அமைப்பு அவர் மனதில் பதிந்திருந்தது. நீதி விசாரணை வேறு, காவல் வேறு என்று பிரிக்க வேண்டும். காவல் என்பது குற்றம் நடந்தபின் பிடிப்பது மட்டுமல்ல, நடக்காமல் தடுப்பதும் ஆகும். இதுவே அவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த யோசனையின் சாரம். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1874 ஜனவரி 15-ஆம் நாள் டோக்கியோ மாநகரப் போலீஸ் தலைமை அலுவலகம் பிறந்தது. அதன் முதல் தலைவர் கவாஜி. அப்போது வயது நாற்பதை எட்டவில்லை.

அவர் இரவில் நான்கு மணி நேரம்தான் தூங்குவார் என்று சொல்வார்கள். நடுநிசியில் நகரத்தைச் சுற்றி வந்து, காவல் நிலையங்களில் ஆட்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். மக்களைக் குழந்தைகளாகவும், அரசாங்கத்தைப் பெற்றோராகவும், போலீசைச் செவிலித் தாயாகவும் அவர் கருதினார். அவருடைய அறிவுரைகளைத் தொகுத்த நூல் ஜப்பானியப் போலீசாருக்குப் பாடநூலாயிற்று. தெருமுனைக் காவல் கூடங்கள் தோன்றியதும் 1874-இல்தான். இன்று ஜப்பான் முழுவதும் கோபான் என்ற பெயரில் இருப்பவை அவற்றின் வழிவந்தவையே.

ஆனால் பழக்கம் ஓர் உத்தரவில் மாறிவிடுமா? 1876-இல் டோக்கியோவில் இந்தச் சட்டப்படி பிடிபட்டவர்களில், தெருவில் சிறுநீர் கழித்தவர்களே மற்ற எல்லாரையும் விட அதிகம். யோகஹாமாவில் நிலத்தில் பீப்பாய் புதைத்து, பலகை மறைப்பு வைத்துத் தெருமுனைக் கழிப்பிடங்கள் ஏற்பட்டிருந்தன. அவசரத்துக்கு ஒதுங்க இடம் கொடுக்காமல் அபராதம் மட்டும் போட்டால், அபராதம்தான் சேருமே தவிரத் தெரு சுத்தமாகாது என்பதை நகரங்கள் மெள்ள மெள்ளத்தான் கற்றன.

ஊரா, உத்தியோகமா?

கவாஜியின் வாழ்க்கையில் பெரிய சோதனை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அவரைத் தூக்கிவிட்ட சாய்கோ, 1873-இல் கொரியா விவகாரத்தில் கருத்து மாறுபட்டுப் பதவியை விட்டு ஊருக்குப் போய்விட்டார். சத்சுமாக்காரர்கள் பலரும் வேலையை உதறிவிட்டு அவர் பின்னே போனார்கள். கவாஜி போகவில்லை. சாய்கோவிடம் பட்ட நன்றி தன் சொந்த விஷயம், போலீஸ் வேலை நாட்டின் விஷயம் என்று தங்கிவிட்டார்.

1877 தொடக்கத்தில், சத்சுமாவைச் சொந்த ஊராகக் கொண்ட போலீசார் சிலரை அங்கே உளவறிய அனுப்பினார். அவர்கள் பிடிபட்டார்கள். சித்திரவதையில், சாய்கோவைக் கொல்ல வந்ததாக ஒப்புக்கொண்டதாகச் செய்தி பரவியது. ஜப்பானிய மொழியில் பார்வையிடுவது என்பதற்கும் குத்திக் கொல்வது என்பதற்கும் உள்ள ஒரு சொல் ஒரே ஒலி உடையது. உத்தரவில் இருந்தது எது என்ற வாதம் இன்றுவரை தீரவில்லை. பிப்ரவரியில் சாய்கோவின் ஆட்கள் ஆயுதம் ஏந்திப் புறப்பட்டார்கள்.

கவாஜியே போலீஸ் படையை நடத்திக்கொண்டு போர்க்களம் போனார். மார்ச்சில் தபாருசக்கா மேட்டில், வாளேந்திய போலீஸ் பிரிவு ஒன்று எதிரியின் மேல் பாய்ந்தது. ஒரே ஊர்க்காரர்கள் எதிரும் புதிருமாக நின்று வெட்டிக்கொண்டார்கள். செப்டம்பர் 24-ஆம் நாள் சாய்கோ ககோஷிமாவில் மாண்டார். அடுத்த ஆண்டு, 1878 மே 14-ஆம் நாள், ஒகுபோவும் டோக்கியோத் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். தலைநகரின் காவலைக் கையில் வைத்திருந்த கவாஜிக்கு அது தீராத பழியாயிற்று.

கடைசி நாட்கள்

1879-இல் அவர் மீண்டும் ஐரோப்பா சென்றார். பாரிஸில் நோய் முற்றியது. அக்டோபரில் நாடு திரும்பிய சில நாட்களிலேயே, 13-ஆம் நாள் உயிர் பிரிந்தது. வயது 45. டோக்கியோவின் ஆயோமா மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் காத்த தெரு விதிகள் 1882-இல் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதற்குள் கலந்துவிட்டன. மேல்நாட்டார் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொள்ளும் அவமானம் 1899-இல் ஒழிந்தது. அதற்குள் கவாஜி இறந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

பிறந்த ஊர் அவரை நெடுங்காலம் மன்னிக்கவில்லை. சாய்கோவுக்கு டோக்கியோவில் 1898-இலும், ககோஷிமாவில் 1937-இலும் சிலை வைத்தார்கள். கவாஜிக்கு ககோஷிமாவில் சிலை எழுந்தது 1999-இல்தான்.

அந்த வண்ணப் படங்கள் இப்போது நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் தடியோடு நிற்கும் போலீஸ்காரர், ஊரில் மதிப்பில்லாமல் நகரத்துக்குப் பிழைக்க வந்த ஓர் ஏழைச் சாமுராயாக இருக்கலாம். அவர் பிடிக்கும் வண்டிக்காரனும் பிழைக்க வந்தவனே. படம் வரைந்தவர்கள் வண்டிக்காரனின் திகைப்பையும் போலீஸ்காரரின் விறைப்பையும் ஒரே அக்கறையோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் விதிகளும் அபராதத் தொகைகளும் மட்டுமே இருந்தன. அவை யார்மேல் விழுந்தன என்பதை இந்தப் படங்களே காட்டுகின்றன.